மூதறிஞர் இராஜாஜியும் மதுவிலக்கும்

இல்லறத்தாராகிய சிராவகர்களுக்கு நம் ஆசாரியர்கள் வகுத்தளித்த மூலகுணங்கள் எட்டு. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அவற்றைக் கூறுமிடத்து, மது, ஊன், தேன் என்னும் மூன்றின் நீக்கத்தையும் ஐந்து அணுவிரதங்களையும் சேர்த்து எட்டாக்கினார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பைப் பாராயணம் செய்யும் இல்லங்களில் மதுவின் தீமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குழந்தை நடைபழகும் பருவத்திலேயே நம் வீடுகளில் இவ்விரதம் பழகிவிடுகிறது.

ஆயினும், நம் வீட்டு வாசலுக்கு வெளியே ஒரு தெரு இருக்கிறது. தெருவின் முனையில் ஒரு கடை இருக்கிறது. அக்கடையை அங்கே வைக்கலாமா, கூடாதா என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு? நம் வீட்டுக்குள் நாம் காக்கும் விரதத்தை ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து காக்க இயலுமா? இவ்வினாவைத் தம் வாழ்நாளின் பெரும்பகுதி சுமந்து திரிந்த ஒருவரின் வரலாற்றை இவ்விதழில் எழுத விரும்பினோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். வைணவ அந்தணர் குலத்தில் பிறந்தவர். எனினும் மது நீக்கம் என்னும் ஒரு மூலகுணத்தைச் சட்டமாக்கி ஒரு மாவட்டம் முழுவதற்கும் அளித்தவர் என்ற முறையில், சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரை நாம் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இளமையும் சேலத்து வாழ்க்கையும்

இராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், அந்நாளைய சேலம் மாவட்டத்து ஓசூர் வட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் வேங்கடார்யர் ஊர் முன்சீப்பாகப் பணியாற்றியவர், தாயார் சிங்காரம்மாள். ஓசூரிலும், பின்னர் பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் கற்றார். 1900-ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் பெரும் புகழும் பொருளும் ஈட்டினார்.

இளமையிலேயே மணம் முடித்த அவர் நாற்பது வயது நிரம்பும் முன்னரே மனைவியாரை இழந்தார். மூன்று ஆண்மக்களையும் இரண்டு பெண்மக்களையும் வளர்க்கும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. மறுமணம் செய்துகொள்ளவில்லை. தந்தையாகவும் தாயாகவும் இருந்து குடும்பம் நடத்தியவர்க்கு, குடியினால் ஒரு குடும்பம் எவ்வாறு சிதையும் என்பது ஏட்டில் படித்து அறிய வேண்டிய செய்தியாக இருந்திராது. வழக்குமன்றத்தில் கொலை, கலகம், அடிதடி என்று வந்து நிற்போரை நாள்தோறும் கண்டவர் அவர்.

நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். அறிவியலைத் தமிழில் கற்பிக்கச் சொற்கள் வேண்டும் என்று கருதி, 1916-ஆம் ஆண்டிலேயே சேலத்தில் அறிவியற் சொற்களைத் தமிழாக்கும் சங்கம் ஒன்றை அவர் நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கினார். பிற்காலத்தில் எளியோருக்கு வேதியியலை விளக்கத் திண்ணை ரசாயனம் என்னும் நூலையும் எழுதினார். எதையும் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாமரனுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்ற அவருடைய நோக்கமே பின்னாளில் மதுவிலக்குப் பிரசாரத்திலும் வெளிப்பட்டது.

நகரசபைத் தலைவர்

1911-ஆம் ஆண்டில் இராஜாஜி சேலம் நகரசபை உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராகப் பணியாற்றினார். அவர் தலைவராக இருந்த காலத்தில்தான் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாக அந்நகரசபையில் உறுப்பினராக அமர்ந்தார். அக்காலச் சூழலில் இது எளிய காரியம் அன்று.

நகரசபைத் தலைவரின் அதிகாரம் எதுவரை சென்றது என்பதை நாம் இங்கே கூர்ந்து நோக்க வேண்டும். தெருவிளக்கு ஏற்றலாம்; குடிநீர்க் குழாய் அமைக்கலாம்; சாக்கடை வெட்டலாம்; பள்ளிக்கூடம் நடத்தலாம். ஆனால், அவ்விளக்கின் அடியில், அக்குழாயின் அருகில், அப்பள்ளியின் எதிரில் ஒரு கள்ளுக்கடை இருந்தால் அதை மூடும் அதிகாரம் அவருக்கு இல்லை. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டப்படி, கடைக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடமும் அவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளிடமும் இருந்தது. ஆண்டுதோறும் கடைகள் ஏலம் விடப்பட்டன. யார் மிகுந்த தொகை கேட்டாரோ அவருக்கே கடை. கள் இறக்கும் மரத்துக்கும் மரவரி உண்டு. அதிகத் தொகை கொடுத்து ஏலம் எடுத்தவர் அதனை மீட்கக் குடிப்போரைப் பெருக்கியே தீர வேண்டும். இதுதான் அன்றைய ஏற்பாடு. ஊர் மக்களின் விருப்பம் ஏலத்தொகைக்கு முன் நில்லாது.

இதே காலத்தில் அண்டை நகரமாகிய ஈரோட்டின் நகரசபைத் தலைவராக இருந்தவர் ஈ. வெ. இராமசாமி அவர்கள். பின்னாளில் பெரியார் என்று நாடு அழைத்த அவரும் இராஜாஜியும் நெருங்கிய நண்பர்கள். காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது இருவரும் அதில் குதித்தனர். ஈரோட்டில் 1921-ஆம் ஆண்டில் கள்ளுக்கடை மறியல் நடைபெற்றபோது, ஈ. வெ. ரா. அவர்களின் துணைவியார் நாகம்மையாரும் தமக்கையார் கண்ணம்மாளும் வீதியில் இறங்கி மறியல் செய்தனர். ஈ. வெ. ரா. தம் தோப்பில் இருந்த தென்னை மரங்களை, அவை கள்ளுக்குப் பயன்படக்கூடும் என்று, வெட்டிச் சாய்த்தார். அரசியலிலும் சமயக் கொள்கையிலும் இந்நண்பர்கள் இருவரும் பிற்காலத்தில் எதிரெதிர்த் திசையில் சென்றனர் என்பது யாவரும் அறிந்ததே. எனினும் நகரசபை நாற்காலியில் அமர்ந்திருந்த இருவர், அந்நாற்காலியின் ஆற்றல் போதாது என்று கண்டு மக்களிடையே இறங்கி வந்தனர் என்பது கருதத்தக்கது.

காந்தியடிகளும் ஒரு சமண முனிவரும்

இராஜாஜியின் வாழ்க்கையை மாற்றியவர் காந்தியடிகள். காந்தியடிகளின் மதுவிலக்குக் கொள்கைக்கு வித்திட்ட நிகழ்ச்சி ஒன்றை நம் குழந்தைகளுக்கு நாம் மறவாமல் சொல்ல வேண்டும். 1888-ஆம் ஆண்டில் இலண்டனுக்குப் படிக்கப் புறப்பட்ட இளைஞர் மோகன்தாசை அனுப்ப அவருடைய அன்னையார் தயங்கினார். அப்போது குடும்பத்துக்கு அறிவுரை கூறி வந்த பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி, மது, மாமிசம், பிற மாதர் ஆகியவற்றைத் தீண்டுவதில்லை என்ற விரதத்தை அவ்விளைஞருக்கு அளித்தார். அதன் பின்னரே அன்னையார் விடைகொடுத்தார். தனி ஒருவருக்கு ஒரு சமண முனிவர் அளித்த விரதம், அவர் வழியாகப் பல கோடி மக்களின் இயக்கமாக விரிந்தது.

1919-ஆம் ஆண்டில் சென்னைக்குக் குடிபெயர்ந்த இராஜாஜியின் இல்லத்தில் காந்தியடிகள் தங்கினார். அதன் பின் இராஜாஜி தம் வருவாய் மிகுந்த தொழிலைத் துறந்தார். 1921-இன் இறுதியில் சிறை புகுந்து வேலூரில் சில திங்கள் கழித்தார்.

புதுப்பாளையத்து ஆசிரமம்

1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. ஊர்ப் பெருநிலக்கிழார் ஒருவர் நிலம் அளித்தார். மழை பொய்த்து வறண்ட பூமி அது. சேலத்தில் செல்வம் ஈட்டிய வழக்கறிஞர், குழந்தைகளுடன் ஒரு குடிசையில் வாழ்ந்தார். கதர் நூற்றல், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகிய மூன்றும் ஆசிரமத்தின் பணிகள்.

அங்கே இருந்துதான் மதுவிலக்கைப் பற்றிய அவருடைய எண்ணம் கூர்மை பெற்றது. நூற்றுக் கிடைக்கும் சில அணாக்கள் பெண்களின் கைக்கு வருகின்றன. கூலி வேலையில் ஆண்மகன் பெற்ற அணாக்கள் கள்ளுக்கடைக்குச் செல்கின்றன. ஒரு கையால் இறைத்து மறு கையால் கொட்டும் இந்நிலை நீங்காமல் வறுமை நீங்காது என்பதை அவர் நாள்தோறும் கண்டார். மது ஒழிப்பு அவருக்கு ஒழுக்கப் பிரச்சினை மட்டும் அன்று; வயிற்றுப் பிரச்சினையாகவும் ஆயிற்று.

1929-ஆம் ஆண்டில் விமோசனம் என்னும் மாத இதழை ஆசிரமத்திலிருந்து வெளியிட்டார். மதுவிலக்குக்காகவே தமிழில் நடந்த இதழ் அது. அவருக்குத் துணையாசிரியராக இருந்து உழைத்தவர் பின்னாளில் புகழ்பெற்ற கல்கி கிருஷ்ணமூர்த்தி. எழுத்தறியாதவரும் பார்த்த அளவில் உணரும்படி படங்கள், எளிய கதைகள் ஆகியவற்றை அவ்விதழ் தாங்கி வந்தது. பத்து இதழ்களே வெளிவந்தன. உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கவே, 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்று சிறைப்பட்டார். 1931-இல் காந்தியடிகளும் வைசிராய் இர்வினும் செய்துகொண்ட உடன்பாட்டில், அமைதியான முறையில் மதுக்கடை மறியல் செய்வதற்கு இடம் அளிக்கப்பட்டது. வன்முறையற்ற மறியல், கடைக்காரரையும் குடிப்பவரையும் பகைவராகக் கருதாத மறியல். அகிம்சையைப் பரம தருமமாகப் போற்றும் நாம் இதன் சிறப்பை எளிதில் உணர்வோம்.

1937 அக்டோபர் முதல் நாள்

1937-இல் நடைபெற்ற தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரசு வென்றது. ஜூலைத் திங்களில் இராஜாஜி மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்றார். பொறுப்பேற்ற மூன்று மாதங்களுக்குள் மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டம் முழுவதும் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன.

இருபது ஆண்டுகளுக்கு முன் சேலத்து நகரசபைத் தலைவராக இருந்தபோது ஒரு கடையையும் மூட அதிகாரமற்றிருந்தவர், இப்போது அந்நகரம் உள்ளிட்ட மாவட்டத்தின் எல்லாக் கடைகளையும் ஒரே நாளில் மூடினார். சேலத்தை முதலில் தேர்ந்தெடுத்தது சொந்த மாவட்டம் என்ற பற்றினால் மட்டும் அன்று. ஆசிரமப் பணியின் பயனாக அங்கே மக்களின் மனம் பண்பட்டிருந்தது. மாகாணம் முழுவதும் ஒரே நாளில் அமல் செய்து தோல்வியுறுவதைவிட, ஒரு மாவட்டத்தில் செய்து காட்டிப் பிறகு விரிப்பது நன்று என்பது அவர் முறை. நல்லாசிரியர் எவரும் இம்முறையையே பின்பற்றுவர்.

இதனை எதிர்த்தவர் பலர். அமெரிக்க ஐக்கிய நாடு 1920-இல் மதுவிலக்கைக் கொண்டுவந்து, 1933-இல் அதைக் கைவிட்டிருந்தது. பெருநாடு கைவிட்டதை ஓர் ஏழை மாகாணம் ஏற்பதா என்று கேட்டனர். இராஜாஜியின் நோக்கு வேறாக இருந்தது. அமெரிக்காவில் குடி சமுதாய வழக்கமாக இருந்தது. நம் நாட்டில் குடிப்பவனே அதைக் குற்றமென உணர்கிறான். எனவே அங்கே தோற்றது இங்கே வெல்லும் என்பது அவர் நம்பிக்கை.

பெரிய எதிர்வாதம் வருவாய் பற்றியது. மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மதுவரியிலிருந்து வந்தது. அதிலும் ஒரு கொடுமை உண்டு. 1919-ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களுக்குப் பின், கல்வியும் மதுவரியும் ஒருங்கே இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. பள்ளிக்கூடம் நடத்தப் பணம் வேண்டுமென்றால் கள்ளுக்கடை நடக்க வேண்டும் என்ற நிலை. தந்தை குடித்த காசில் மகனுக்குப் பலகையும் பாடமும்! கல்வித்துறையில் ஊதியம் பெற்று வாழ்ந்த நமக்கு இதனை எண்ணுந்தோறும் உள்ளம் கூசுகிறது.

இராஜாஜி இம்முடிச்சை அவிழ்க்க 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு அதுவே முன்னோடி. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். இன்று நாம் கடையில் வாங்கும் பொருள்களுக்கெல்லாம் செலுத்தும் வரியின் வேர் மதுவிலக்கில் இருக்கிறது என்பதை அறிந்தவர் சிலரே. பிற்காலத்தில் நடந்தது யாதெனில், மதுவுக்கு மாற்றாக வந்த விற்பனை வரியும் நிலைத்தது. மதுவரியும் திரும்ப வந்து சேர்ந்தது.

சேலத்தின் ஆட்சியராக அப்போது இருந்த டிக்சன் என்னும் ஆங்கிலேயர், இச்சட்டத்தை முழுமனத்துடன் நடைமுறைப்படுத்தினார். கடையை மூடினால் மாலைப் பொழுதை எங்கே கழிப்பது என்ற கேள்விக்கும் விடை தேடப்பட்டது. விளையாட்டு, பஜனை, கூத்து முதலியன ஊக்குவிக்கப்பட்டன. மரம் ஏறுவோர் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழிவகை செய்யப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையினர் சேலத்தில் ஆய்வு நடத்தி, மதுவுக்குச் சென்ற பணம் உணவு, உடை முதலியவற்றுக்குத் திரும்புவதைக் கண்டு எழுதினர்.

குறையும் இல்லாமல் இல்லை. கள் இறக்குதலையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பலவற்றுக்கு வெல்லம் காய்ச்சும் தொழில் போதிய ஈடாகவில்லை. எல்லையைக் கடந்தால் அடுத்த மாவட்டத்தில் கடை இருந்தது. மறைவாகக் காய்ச்சுவோரும் தோன்றினர். இவற்றை மறைத்து எழுதுவது வாய்மை விரதத்துக்கு ஒவ்வாது.

1938 அக்டோபர் 1 முதல் சித்தூர், கடப்பை மாவட்டங்களிலும், 1939 அக்டோபர் 1 முதல் வடார்க்காடு மாவட்டத்திலும் மதுவிலக்கு விரிந்தது. வடார்க்காடு என்றதும் நம் வாசகர்களின் நெஞ்சம் நெகிழும். ஆரணி, வந்தவாசி, போளூர் வட்டாரங்களில் நம் நயினார் குடும்பங்கள் ஏர்பிடித்து வாழ்ந்த ஊர்கள் அம்மாவட்டத்தில் அடங்கியவை. திருமலையும் பொன்னூர் மலையும் அங்கேதான் உள்ளன. ஏலாசாரியர் என்று நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகள் பொறித்த பொன்னூர் மலையின் அடிவாரத்து ஊர்களில் அன்று கடைகள் மூடப்பட்டன. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளை அந்த ஆசாரியரின் அருளிச்செயலாகப் போற்றும் நமக்கு இது சாலப் பொருந்திய நிகழ்ச்சி அன்றோ?

திறந்ததும் மூடியதும்

வடார்க்காட்டில் கடைகள் மூடிய அதே அக்டோபர்த் திங்களில், உலகப் போர் பற்றிய கருத்து வேறுபாட்டால் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் ஆளுநரின் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. 1946-இல் மக்களாட்சி திரும்பியதும் அது மீண்டும் படிப்படியாக வந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2-ஆம் நாள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நிறைவு பெற்றது. அவ்வாண்டில் இராஜாஜி இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். சேலத்தில் ஏற்றிய விளக்கு மாகாணம் எங்கும் ஒளிர்ந்ததை அவர் கண்டு களித்திருப்பார்.

அவர் செய்தவற்றையெல்லாம் நாம் ஏற்றுக்கொள்கிறோம் என்று வாசகர்கள் கருத வேண்டா. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், 1953-இல் தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் தந்தையின் தொழிலைக் கற்கச் சொன்னதும் தமிழ் மக்களால் ஏற்கப்படவில்லை. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாமும் அரைநாட் பள்ளித் திட்டத்தை ஏற்றதில்லை. பிள்ளைக்கு உரிய பள்ளி நேரம் பிள்ளைக்கே உரியது. 1954-இல் அவர் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார், அத்திட்டமும் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே பாரத ரத்தினா விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஒருவரிடம் குணத்தையும் குற்றத்தையும் நாடி, மிகுந்ததைக் கொள்வதே நமக்கு அழகு.

1948 முதல் 1971 வரை இருபத்து மூன்று ஆண்டுகள். அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. உரிமம் பெற்ற மதுக்கடை என்பதை நாம் சிறுவயதில் கண்டதில்லை. 1971 ஆகஸ்டு 30-ஆம் நாள் அன்றைய அரசு, நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. அம்முடிவைக் கேள்வியுற்ற இராஜாஜி, தொண்ணூற்றிரண்டு வயது முதியவர், முதலமைச்சரின் இல்லத்துக்குத் தாமே சென்று அதனைக் கைவிடுமாறு வேண்டிக்கொண்டார். ஒரு காலத்தில் நாட்டின் தலைமைப் பதவியில் இருந்தவர், மாநில முதல்வரின் வாசலில் இரந்து நின்றார். தமக்காக அன்று. அவர் வேண்டுகோள் நிறைவேறவில்லை. 1972 டிசம்பர் 25-ஆம் நாள் அவர் மறைந்தார். 1974-இல் அதே அரசு மதுவிலக்கை மீண்டும் கொண்டுவந்ததைக் காண அவர் இல்லை. 1981-இல் அது மறுபடியும் தளர்த்தப்பட்டதையும், 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடை நடத்துவதையும் காணாமற் போனதும் ஒருவகையில் நல்லூழே.

கடைகள் திறந்த அக்காலத்தில் நாம் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிது. சில திங்களுக்குள் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் ஒரு மாற்றத்தைக் கண்டோம். திங்கட்கிழமைகளில் சில பிள்ளைகள் வருவதில்லை. சனிக்கிழமை கூலி நாள் என்பதும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சண்டை என்பதும் விசாரித்தபோது தெரிந்தது. அடுப்பு எரியாத வீட்டிலிருந்து பிள்ளை எவ்வாறு பள்ளிக்கு வருவான்? இராஜாஜி அந்த முதல்வரின் வாசலில் எதற்காக நின்றார் என்பதை அப்பதிவேடு நமக்கு விளக்கியது. பதிவேட்டின் அந்தப் பக்கத்தை இன்றளவும் நாம் மறக்கவில்லை.

இன்று நம் ஊரில்

இரும்புலியூர் ஜி. எஸ். டி. சாலையை ஒட்டிய ஊர். தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் மாநில நெடுஞ்சாலைகளுக்கும் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரல் 1-ஆம் நாள் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நெடுஞ்சாலையில் மூடிய கடைகளைக் குடியிருப்புகளுக்குள் திறக்க முயன்றபோது, மாநிலத்தின் பல ஊர்களில் தாய்மார்கள் திரண்டு மறித்தனர். அவ்வாண்டு ஜூலையில், நகர எல்லைக்குள் அத்தடை பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கியது. மறியல் நடத்திய பெண்களுள் எத்தனை பேர் நாகம்மையாரையும் கண்ணம்மாளையும் அறிவர் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு.

அன்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியதற்கும் இன்றைய நிலைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டிடம், பள்ளி ஆகியவற்றுக்கு 50 மீட்டருக்குள்ளும், ஏனைய இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை கூடாது என்பது விதி. அந்த எல்லைக்கு அப்பால், கடை எங்கே அமைவது என்பதை ஊராட்சி மன்றமோ மாமன்றமோ முடிவு செய்வதில்லை. சிற்றூர்களில் கிராம சபை கூடித் தீர்மானம் இயற்றலாம்; அத்தீர்மானங்களை ஏந்தி மக்கள் உயர்நீதிமன்றம் சென்றதும் உண்டு. தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாகிவிட்டமையால் நமக்குக் கிராம சபையும் இல்லை. 2022 முதல் நகரப் பகுதிகளில் கூட்டப்படும் பகுதி சபையே உண்டு. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு பற்றி அங்கே பேசலாம். நூறாண்டுக்கு முன் சேலத்து நகரசபைத் தலைவர் அமர்ந்திருந்த அதே நாற்காலிதான், சற்றே புதுவண்ணம் பூசப்பட்டு, இன்றும் இருக்கிறது.

இதற்கு மாற்று உலகில் இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தில் 1913-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வோர் ஊரும் வாக்களித்து மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வழிசெய்தது. 1920 முதல் வாக்கெடுப்புகள் நடைபெற்றன. கிர்க்கின்டிலாக் என்னும் ஊர் வேண்டாவென்று வாக்களித்து, நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் மதுக்கடையின்றி வாழ்ந்தது. நம் நாட்டில் மகாராட்டிரத்தில் ஊர்ப் பெண்கள் கோரினால் வாக்கெடுப்பு நடத்திக் கடையை மூடும் முறை இருக்கிறது. மேலிருந்து ஒருவர் மூடினால் மேலிருந்து இன்னொருவர் திறப்பார். ஊரே மூடிய கதவை ஊரே அல்லவா திறக்க வேண்டும்?

இராஜாஜியின் வாழ்க்கையிலிருந்து நாம் கற்கும் பாடமும் இதுவே எனக் கருதுகிறோம். அவர் சட்டம் சேலத்தில் நிலைபெற்றதற்குக் காரணம், சட்டத்துக்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் ஆசிரமத்தில் செய்த பணி. மக்களின் மனத்தைப் பண்படுத்தும் அப்பணி தொடராத இடத்தில் சட்டம் காகிதமாயிற்று. இன்று மதுவின் வாயிலாகத் தமிழக அரசுக்கு வரும் ஆண்டு வருவாய், 2023-24-இல் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது. இத்தகைய தொகையை எந்த அரசும் தானாக உதறாது. மக்கள் கேட்டால் ஓரளவு இறங்கிவரும் என்பதற்கு 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டமையே சான்று. 2015 ஜூலையில் மதுக்கடையை அகற்றக் கோரிப் போராடி உயிர்நீத்த காந்தியவாதி சசிபெருமாள் சேலத்தைச் சேர்ந்தவர் என்பதையும் இங்கே நினைவுகூர்வோம். அம்மண்ணில் இட்ட வித்து முற்றிலும் பட்டுப்போகவில்லை.

நம்மவர் தொகையிற் சிறியோர். எனினும் மது நீக்கத்தில் நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. தம் வீட்டில் விரதம் காத்துவிட்டோம் என்று கதவைச் சாத்திக்கொள்ளுதல் போதாது. பகுதி சபை கூடும் நாளில் நம் இல்லத்தரசியர் சென்று அமர வேண்டும். பள்ளிக்கும் கோயிலுக்கும் அருகில் கடை வருமாயின் அளந்து காட்ட வேண்டும். மனு எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்கு எழுதித் தர வேண்டும். குடித்து வீழ்ந்தவரை இகழாமல், அவர் வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுக்க வேண்டும். கருணையின்றிக் காக்கும் விரதம் அகிம்சை ஆகாது.

தசலட்சண பருவம் வரும்போது நாம் விரதம் ஏற்போம். இவ்வாண்டு ஏற்கும் விரதங்களுடன், நம் தெருவுக்காகவும் ஒன்றை ஏற்போமாக. அதுவே அம்மூதறிஞருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.

அறம் வளர்க!